ஜெயராமனின் புதுச் சக்கரங்கள்

அத்தியாயம் 17

ஒரு மனிதர் தன் பெண்ணோடு பேசாமல் இரண்டு வருஷம் இருந்துவிடலாம். அவளை நினைக்காமல் இரண்டு மணி நேரம் இருந்து பார்க்கட்டும். ஜெயராமன் அந்தப் போட்டியில் தினமும் தோற்றுக்கொண்டிருந்தார்.

கதையை விட்ட இடம் நினைவிருப்பவர்கள் அடுத்த இரண்டு பாராவைத் தாண்டிப் போகலாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஜெயராமன் கோலார் தங்கவயலில் பிறந்து, ஜோகுபாளையத்தில் போர்வெல் மோட்டார் ரிப்பேர் செய்து பிழைக்கிறவர். ஒரே மகள் மமதா வங்கி வேலையை விட்டுவிட்டு, சகலேஷ்புரத்துக்கு மேலே மலைக்கிராமத்தில் பள்ளி ஆசிரியனாக இருக்கும் கிரணைக் கட்டிக்கொண்டாள். மாப்பிள்ளை கன்னடக்காரர் என்பதில் ஜெயராமனுக்குக் குறை இல்லை. தார்ச்சாலை முடிந்த பிறகும் ஏழு கிலோமீட்டர் போக வேண்டிய ஊருக்குப் பெண் போகிறாளே என்பதுதான் குறை. பதிவு அலுவலக வாசலில் நின்று, எல்லார் காதிலும் விழும்படி, "என் வண்டிச் சக்கரம் உன் வாசல்ல உருளாது" என்று சொல்லிவிட்டார்.

வண்டியை வைத்துப் பிழைக்கிறவர் வண்டியின் பேரில் ஆணையிட்டால் அது சாமி பேரில் இட்ட மாதிரி. மமதாவும் அவர் பெண்தானே. "நைனா வாயத் தொறந்து கூப்டட்டும், அப்ப வரேன்" என்று அவளும் உட்கார்ந்துவிட்டாள்.

இப்போது அவளுக்கு ஏழாம் மாதம். வரும் வியாழக்கிழமை எட்டு பிறக்கிறது. எட்டில் பிள்ளைத்தாய்ச்சியை வாசல் தாண்ட விட மாட்டார்கள். ஒன்பதில் அந்த மலைப்பாதையில் யாரும் இறங்கத் துணிய மாட்டார்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வர வேண்டுமானால், புதன்கிழமைக்குள் வந்தாக வேண்டும்.

இதெல்லாம் ஜெயராமனுக்குத் தெரியும். தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ள மாட்டார். ஏனென்றால் இந்த வீட்டில் மமதாவின் சேதியை யாரும் அவரிடம் சொல்வதில்லை. ஜானகி அதைச் சுவரிடம்தான் சொல்வாள்.

கணவருக்குச் சோறு போட்டுவிட்டு, சமையலறைச் சுவரைப் பார்த்து, "அந்த வழியில பாறையாம். கெரணோட ஜீப்பு அடி தட்டுதாம்" என்பாள். சுவர் பதில் சொல்லாது. ஜெயராமன் ரசத்தைக் குடித்துவிட்டு எழுந்துபோவார். அடுத்த வாரம் அவருடைய டபுள் கேபின் பிக்கப் இரண்டு அங்குலம் உயர்ந்து நிற்கும். அடியில் கனமான இரும்புத் தகடு ஏறியிருக்கும்.

"ஓடையில முட்டிக்கு மேல தண்ணியாம்" என்று சுவரிடம் சொன்னாள். பத்து நாளில் வண்டியின் கண்ணாடி ஓரமாக, எஞ்சினுக்கு மூச்சுவிட ஒரு கறுப்புக் குழாய் கூரை வரை எழும்பியது.

"சேத்துல எறங்கினா டயர் சும்மா சுத்துதாம்." நான்கு புது டயர் வந்தது. வொர்க்‌ஷாப் வைத்திருக்கும் உமேஷ், முழுக்கச் சேற்றுக்கே ஆன முரட்டு டயராகப் போடச் சொன்னான். ஜெயராமன் ஒப்பவில்லை. திங்கள் முதல் வெள்ளி வரை அத்திபெலே, ஹொசகோட்டை என்று மோட்டார் ஏற்றிக்கொண்டு ஓட வேண்டிய வண்டி. முரட்டு டயர் தார்ச்சாலையில் ஊளையிடும், மழையில் வழுக்கும். சேற்றுக்கும் சாலைக்கும் நடுவாந்தரமாக ஒன்றைத் தேடிப் பிடித்தார்.

"எதுக்கு இவ்ளோ?" என்று கேட்டவர்களுக்கெல்லாம், "போர்வெல் போடற எடமெல்லாம் கரடுமுரடு" என்று ஒரே பதில். முப்பது வருஷமாக அதே கரடுமுரடான இடங்களுக்குத்தான் அவர் போய்வருகிறார் என்பதை யாரும் நினைவுபடுத்தவில்லை. ஜானகி நினைவுபடுத்தியிருப்பாள். ஆனால் சுவரிடம் சொல்லக்கூட அவளுக்குப் பயம். கேட்டால் மனிதர் கூச்சப்பட்டு நிறுத்திவிடுவார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வண்டி வீட்டு வாசலுக்கு வந்தது. உமேஷ்தான் ஓட்டிவந்தான்.

"ஆய்த்து ஜெயண்ணா, முடிஞ்சுது! இனிமே எந்த மலை வேணும்னாலும் ஏறும். தினம் வேலைக்கும் போகும்."

ஜெயராமன் வண்டியைச் சுற்றி வந்தார். குனிந்தார், எழுந்தார், ஒவ்வொரு டயரையும் காலால் தட்டினார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

"பின்னாடி ஸ்பிரிங் பட்டை எத்தனை கழட்டின?"

"ரெண்டு. ஆனா சொல்லிட்டேன் அண்ணா, மோட்டார் ஏத்தறப்போ ரெண்டையும் திரும்ப மாட்டணும். இப்போ இது பாரம் தாங்காது. ஆளுங்களுக்கு மட்டும்தான் மெத்துனு இருக்கும்."

"தெரியும்."

"யாரு அண்ணா அந்த ஆளுங்க?" என்று உமேஷ் கேட்டான். ஜெயராமன் அவனுக்குக் காபி கொண்டுவரச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார்.

அந்தப் பட்டை விஷயம்தான் அவரைத் தூங்கவிடாமல் அடித்தது. போன மாதம் ஜானகி சுவரிடம், "ஆஸ்பத்திரிக்கு ஜீப்புல போயிட்டு வந்து மூணு நாளு இடுப்பத் தூக்க முடியலயாம் பொண்ணுக்கு" என்று சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினாள். பிக்கப் என்பது சுமைக்குப் பிறந்த வண்டி. பின்னால் ஒரு டன் ஏற்றினால் பசு மாதிரி போகும். காலியாக ஓட்டினால் கன்றுக்குட்டி மாதிரி துள்ளும். அந்தத் துள்ளலை அடக்கத்தான் பட்டையைக் கழற்றியது, பின்னால் ஆறு மணல் மூட்டை போட்டது, எல்லாம்.

உமேஷ் காபி குடித்துவிட்டுப் போன பிறகு அவர் உள்ளே வந்து, எங்கோ பார்த்தபடி சொன்னார்.

"ஒரு சொம்பு தண்ணி எடுத்துக்கினு வா. வண்டியில ஒக்காரணும்."

"நானா?"

"பின்ன, நான் ஓட்டறப்போ பின்சீட்ல நானே ஒக்கார முடியுமா?"

ஜானகி பித்தளைச் சொம்பில் விளிம்பு வரை தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தாள். வந்தவள் பின்கதவைத் திறந்து, வண்டியின் தரையைப் பார்த்தாள். அது அவள் தொடைக்கு மேலே இருந்தது. ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய், தங்கவயலிலிருந்து வந்த பழைய வெடிமருந்துப் பெட்டியை இழுத்துவந்து போட்டு, ஆடிக்கொண்டே அதன் மேல் ஏறி, கைப்பிடியைப் பிடித்துத் தொங்கி, உள்ளே போய் விழுந்தாள். ஜெயராமன் முன்னால் உட்கார்ந்து மணல் மூட்டைகளைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொம்ப மடியில வெச்சுக்க. வயித்துக்கு ஒட்டினாப்ல."

வயிற்றுக்கு ஒட்டினாற்போல! ஜானகி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நாலு மாதமாகப் பிடிகொடுக்காத மனிதர் ஒரே வார்த்தையில் மாட்டிக்கொண்டார். மாட்டிக்கொண்டது அவருக்குத் தெரியவில்லை.

வண்டியைச் சோதிக்கக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. நம் ஊரில் ஒரு தெருவைத் தோண்டினால் மூடுவதற்குள் அடுத்த தெருவையும் தோண்டிவிடுகிறார்கள். ஜோகுபாளையத்துச் சந்திலிருந்து அல்சூர் ஏரிக்குப் போகிற வழியில், மலைப்பாதையில் இல்லாத பள்ளமெல்லாம் இருந்தது.

"தளும்புதா?"

"தளும்புது."

"எவ்ளோ?"

"பொடவ நனைஞ்சிடுச்சு. நெறகொடம் தளும்பாதுன்னு சொன்னவன் இந்த ரோட்டுல வந்தவன் இல்ல."

அவர் இறங்கி நான்கு டயரிலும் காற்றைக் குறைத்தார். மறுபடி ஓட்டினார். இந்த முறை ஒரு பள்ளத்தில் மட்டும் சிந்தியது. ஏரிக்கரை முழுக்க அவர் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் போனார். பின்னால் ஆட்டோக்காரர்கள் ஹாரனிலேயே திட்டினார்கள்.

"ஏங்க, நெறைய பேரு பாக்கறாங்க."

"பாக்கட்டும். இந்த வேகத்துலதான் வரணும்."

எங்கிருந்து, யார் வர வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. காலி சீட் பக்கத்தில் இருந்தது. ஜானகி அதன் மேல் கையை வைத்துக்கொண்டாள். அங்கே பெண் உட்கார்ந்திருந்தால் தோளில் சாய்ந்திருப்பாள். சின்ன வயதில் பஸ் ஏறிய உடனே அவளுக்குத் தூக்கம் வந்துவிடும். அந்தத் தலையின் கனத்தை ஜானகியின் தோள் இன்னும் மறக்கவில்லை.

அப்போதுதான் ஜெயராமன் பிரேக்கை அழுத்தினார்.

"அது இன்னா சத்தம்?"

"இன்னா சத்தம்?"

"கிலுகிலுன்னு. கேக்கல?"

வண்டிக்காரர்களைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். வண்டியில் புதிதாக ஒரு சத்தம் வந்தால் அவர்களுக்குச் சோறு இறங்காது. கோயில் பக்கத்துச் சந்தில் நிறுத்தி, அடியில் படுத்துப் பார்த்தார். தகட்டைத் தட்டினார். கதவைத் திறந்து திறந்து சாத்தினார். ஒன்றும் இல்லை. ஓட்டினால் மறுபடி கிலுகிலு.

"உமேஷ் ஏதோ போல்ட்ட உள்ள வுட்டுட்டான் போல."

"அதெல்லாம் இருக்காதுங்க. வூட்டுக்குப் போலாம்" என்றாள் ஜானகி. அவள் குரல் சரியாக இல்லை.

ஜெயராமன் காதைத் தீட்டிக்கொண்டு, சத்தத்தைப் பிடித்தபடி முன்பக்கம் வந்து, டேஷ்போர்டுப் பெட்டியைத் திறந்தார்.

செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். ஓரம் கிழிந்திருந்தது. உள்ளே பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்கள், மூன்று டஜன். கூடவே ஒரு சின்ன மஞ்சள் பொட்டலம்.

அவர் அதைக் கையில் எடுக்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றார். கோயிலுக்குப் போகிறவர்கள் செருப்பை விட்டுவிட்டு அவரைத் தாண்டிப் போனார்கள்.

"எப்ப வெச்ச?"

"நீங்க உமேஷுக்கிட்ட பேசிக்கினு இருந்தப்போ, காபி குடுத்துட்டு."

"எப்ப வாங்கின?"

"தையில."

தை மாதம். அவர் உமேஷிடம் வண்டியை விட்டதும் அதே தை மாதம்தான். இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒரே வாரத்தில், ஒருவருக்கு ஒருவர் தெரியாமல் ஒரே ஊருக்குக் கிளம்பியிருக்கிறார்கள். ஜெயராமன் ஓட்டுநர் சீட்டில் வந்து உட்கார்ந்து இரண்டு கையையும் ஸ்டீயரிங்கில் வைத்துக்கொண்டார். எஞ்சினைப் போடவில்லை.

"ஒரு வளையலும் ஒடையலயே" என்றார்.

"ஒங்க வண்டி அவ்ளோ மெத்துனு இருக்கு."

 மமதாவைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது அவருக்கு. அவ்வளவுதான் விஷயம். பாறை, ஓடை, டயர், பட்டை எல்லாம் அதைச் சுற்றி அவர் கட்டிக்கொண்ட வேலி. பெண்ணைப் பார்க்க வேண்டும், அவள் "நைனா" என்று கூப்பிட வேண்டும்.

"சொல்லிட்டேனே ஜானகி. சக்கரம் உருளாதுன்னு. நாலு பேரு முன்னால சொல்லிட்டேனே."

"எந்தச் சக்கரம்?"

"இன்னா எந்தச் சக்கரம்?"

"நீங்க சொன்னப்போ இருந்த சக்கரம் எது? அது நாலும்தான் உமேஷ் ஷெட்டு மூலையில கெடக்குதே. இது புதுச் சக்கரம். இது மேல நீங்க ஒண்ணும் ஆணையிடலயே."

ஜெயராமன் திரும்பி அவளைப் பார்த்தார். புடவை நனைந்து, சொம்பை வயிற்றோடு அணைத்து, வக்கீல் மாதிரி உட்கார்ந்திருந்தாள். அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணிலும் வந்துவிட்டது.

"போனப் போடு" என்றார்.

"நீங்க பேசணும். நான் பேசினா அவ வர மாட்டா. வியாழக்கெழம வந்துட்டா அப்புறம் யாரு பேசியும் பிரயோஜனம் இல்ல."

"போடுன்னு சொல்றேன் இல்ல?"

வீட்டுக்கு வந்துதான் போட்டார்கள். தெருவில் வைத்துப் பேசினால் அழுதுவிடுவோம் என்று இரண்டு பேருக்குமே பயம். வாசலில் வண்டியை நிறுத்தி, அதன் பக்கத்திலேயே நின்றபடி ஜானகி எண்ணை அழுத்தி அவர் கையில் கொடுத்தாள்.

"சொல்லும்மா" என்றது அந்தப் பக்கம்.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்தக் குரல். கொஞ்சம் தடித்திருந்தது. மூச்சு வாங்கியது.

"நான்தான்."

அந்தப் பக்கம் ஒரு கோழி கத்துவது கேட்டது. வேறு ஒன்றும் கேட்கவில்லை. அவள் வைத்துவிடுவாளோ என்று ஜெயராமன் அவசர அவசரமாகப் பேச ஆரம்பித்தார்.

"வண்டி ரெடி பண்ணிக்கிறேன். நம்ம பிக்கப்புதான். ரெண்டு இஞ்சு தூக்கிக்கிறேன், பாறை தட்டாது. ஓடைக்குக் கொழா வெச்சுக்கிறேன். பின்னாடி ரெண்டு பட்டை கழட்டிட்டேன், குலுங்காது. ஒங்கம்மா சொம்புத் தண்ணிய மடியில வெச்சுக்கினு வந்தா. கொஞ்சம்தான் சிந்துச்சு. டயர்ல இன்னும் ரெண்டு பாயிண்ட் காத்து எறக்கினா அதுவும் சிந்தாது."

மறுபடி கோழிதான் கத்தியது.

ஜானகி அவர் முழங்கையைக் கிள்ளினாள். வண்டிக் கதை சொல்லவா போட்டோம் என்கிற கிள்ளு.

ஜெயராமன் ஒரு கையால் வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"பாப்பா. தலப்பிரசவம் நம்ம வூட்ல நடக்கட்டும். வா. நானே வந்து இட்டுக்கினு வரேன். நான் சொன்னது தப்பு. வா பாப்பா."

காத்திருந்தார்கள். தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்பினார்கள். அது கிளம்பிப் போனது.  ஜானகி முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டாள். வரமாட்டாள். இரண்டு வருஷத்தை ஒரு போனில் அழிக்க முடியுமா என்ன? என் பெண்தானே, அழுத்தக்காரி என்று ஜெயராமன் நினைத்தார். போனைக் காதிலிருந்து எடுக்கப் போனார்.

"நைனா."

"சொல்லு பாப்பா. சொல்லு."

"ரெண்டு இஞ்சு தூக்கினன்னு சொன்னியே."

"ஆமா. டயரு வேற பெருசு. மொத்தமா மூணு இஞ்சு."

"ஏறறதுக்குப் படி வெச்சுக்கிறியா? என்னால இப்போ காலத் தூக்கவே முடியல நைனா. ஜீப்புக்கே ரெண்டு பேரு புடிச்சு ஏத்தறாங்க."

ஜெயராமன் திரும்பி வண்டியைப் பார்த்தார். கதவுக்குக் கீழே ஒன்றும் இல்லை. கம்பெனியிலிருந்து வரும்போது இரண்டு பக்கமும் நீளமாகப் படி இருந்தது. பாறையில் அதுதான் முதலில் தட்டும் என்று மாசி மாதம் அவரே கழற்றிப் போட்டார். உமேஷ் வேண்டாம் என்றுகூடச் சொன்னான். நாலு மாதம் தரையிலிருந்து எஞ்சின் எவ்வளவு உயரம், அச்சு எவ்வளவு உயரம் என்று டேப் வைத்து அளந்தவர், ஒரு நாள்கூட ஒரு பெண்ணின் கால் எவ்வளவு உயரும் என்று அளக்கவில்லை.

"இருக்கும் பாப்பா" என்றார். "நீ வரப்போ படி இருக்கும்."

"அப்போ சரி" என்றாள் மமதா. அவ்வளவுதான் சொன்னாள். பிறகு அவள் அழுகிற சத்தம் கேட்டது. ஜானகி போனைப் பிடுங்கிக்கொண்டு, அவளும் அழுதுகொண்டே உள்ளே போய்விட்டாள்.

ஐந்து நிமிஷம் கழித்து ஜெயராமனின் சொந்தப் போனில் சின்னதாக ஒரு மணி அடித்தது. தெரியாத எண். கன்னடத்தில் நாலு வரியும் ஒரு படமும் வந்திருந்தன. படத்தில் ஓடை. அதன் நடுவே நட்ட ஒரு மூங்கிலில் சிவப்புப் பெயின்ட்டில் கோடு. செந்நிறத் தண்ணீர் கோட்டுக்கு ஒரு சாண் கீழே ஓடியது.

'மாவா, காலையிலிருந்து மழை. தண்ணீர் கோட்டைத் தொட்டுவிட்டால் எந்த வண்டியும் வர முடியாது. புதன்கிழமை வரை தாங்காது. நாளைக்கே வாருங்கள். கிரண்.'

மாவா. கன்னடத்தில் மாமனாரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அந்த வார்த்தையை அவர் இரண்டு முறை படித்தார். இதுவரை அவரை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை.

உமேஷுக்குப் போன் போட்டார்.

"டேய், அந்தப் பழைய படி எங்கடா?"

"அதுவா? போன வாரம்தான் பழைய இரும்பு எடுக்கற குஜிரிக்காரனுக்குப் போட்டேன். நீதானே அண்ணா எடத்தை அடைக்குதுன்னு திட்டினே?"

"ஷெட்ட மூடாத. ரெண்டு கொக்கி, ஒரு கனமான தகடு எடுத்து வெய்யி. மாட்டிக் கழட்டற மாதிரி ஒரு படி பண்ணணும். ஏறினதும் கழட்டிப் பின்னாடி போட்டுக்கலாம், பாறையில தட்டாது. விடியறதுக்குள்ள கெளம்பணும்."

"எங்க அண்ணா? எந்த போர்வெல்?"

"எம் பொண்ணு வூட்டுக்குடா" என்றார் ஜெயராமன். சொல்லும்போது குரல் கொஞ்சம் ஓங்கிவிட்டது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

ஜானகி முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள். "எதுக்கு இவ்ளோ ஆர்ப்பாட்டம்? அந்தப் பெட்டிய எடுத்துக்கினு போனா போதாதா? காலையில நான் அதுல ஏறலயா?"

"பெட்டி ஆடும். ஏழு மாசக்காரிய அது மேல நிக்க வெக்க மாட்டேன்." சொல்லிவிட்டு அவளைப் பார்த்தார். "நீ பெட்டி போட்டா ஏறின?"

"பின்ன? பறந்தா ஏறினேன்?"

"ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"நீங்க திரும்பிப் பாக்கக் கூடாதா?"

ஜெயராமன் டூல் பாக்ஸில் தேடி ஒரு சாக்பீஸை எடுத்துக்கொண்டு, வண்டியின் பின்கதவை ஒட்டி முட்டி போட்டு உட்கார்ந்தார். "இங்க வா. இப்டி நில்லு."

"இன்னாத்துக்கு?"

"மமதா வயித்துல இருந்தப்போ, ஏழாம் மாசம், உன்னால கால எவ்ளோ தூக்க முடிஞ்சுது? நெனச்சுப் பாத்துத் தூக்கு."

ஜானகி வண்டியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள். ஒரு கை தானாக வயிற்றின் மேல் போயிற்று. கண்ணை மூடி, இருபத்தெட்டு வருஷத்துக்கு முந்தைய கனத்தை நினைத்து, வலது காலை மெல்லத் தூக்கினாள். ஜெயராமன் அவள் பாதத்துக்கு நேராகச் சக்கரத்தின் மேல் ஒரு கோடு போட்டார்.

"இன்னும் கீழ" என்றாள் ஜானகி.

அவர் கட்டை விரலால் அதை அழித்துவிட்டு, ஒரு விரற்கடை கீழே இன்னொரு கோடு போட்டார்.